கார்டு யாரிடம் இருக்கிறது?

முனைவர் பட்ட ஆய்வுகளை நெறிப்படுத்தும் சமூக அறிவியல் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்தவள் நான். என் ஆய்வேட்டில் கோட்பாட்டுக்கு 110 பக்கம், களத்தில் நேரில் கண்டு கேட்டதற்கு 60. இந்தக் கணக்கு ஆய்வுக் குழுக் கூட்டங்களில் முடிவானது.

ஏரிக்கரையில் மண் வெட்டிவிட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம், "கூலி உங்கள் பெயரில்தானே பேங்கில் விழுகிறது?" என்று கேட்டேன். "ஆமாம்மா" என்றார். குறித்துக்கொண்டேன். அப்படி நாற்பது 'ஆம்' சேர்ந்தன. சம்பாதிப்பது வேறு, அந்தப் பணத்தின் மேல் உரிமை இருப்பது வேறு என்று பெண்ணிய ஆய்வுகளில் படித்த பிறகுதான் திரும்பப் போய், "ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டேன். பலருக்கு அது மகனிடம் இருந்தது. அந்த அம்மா சுருக்குப் பையை அவிழ்த்துக் காட்டினார்: வெற்றிலை, பாக்கு, ஓர் இருபது ரூபாய்த் தாள். "கார்டை நானாகத்தான் அவனிடம் கொடுத்தேன். அது அவன் கையில் இருந்தால்தான் மாதம் ஒரு தடவையாவது என் வாசலை மிதிப்பான்."

கோட்பாடு படிக்காமல் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது. அந்தப் பதிலோ நான் படித்த எதிலும் இல்லை. குழுவில் சொன்னேன். "கோட்பாட்டுச் சட்டகத்துக்குள் வரவில்லை, அடிக்குறிப்பில் போடுங்கள்" என்றார்கள். போட்டேன். இன்றும் உறுத்துகிறது.

சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் ஆக்ஸ்ஃபோர்டில் ராட்கிளிஃப்-பிரவுன் என்ற மானிடவியல் கோட்பாட்டாளரிடம் பயின்றவர். ஆனாலும் 'ஆதிக்கச் சாதி' என்ற கருத்தை அவர் விரித்து எழுதியது, 1948இல் தங்கி ஆய்வு செய்த ராம்புரா என்ற மைசூர்ப் பகுதிக் கிராமத்தை வைத்துத்தான். வருண ஏணியில் கீழே வைக்கப்பட்ட ஒக்கலிகர்கள் என்ற உழவர் சாதியினரின் கையில்தான் அங்கே நிலமும் அதிகாரமும் இருந்தன. அதை அவர் அடிக்குறிப்பில் ஒதுக்கியிருந்தால் நமக்கு அந்தச் சொல்லே கிடைத்திருக்காது.

சதவீத அட்டவணைகளை மட்டும் அடுக்கிய ஆய்வேடுகளையும் பார்த்திருக்கிறேன். அவற்றுக்காக நான் வாதாடவில்லை. நான் கேட்பது இதுதான்: களத்துக்குப் போகுமுன்பே கோட்பாட்டு அத்தியாயத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கச் சொல்லாதீர்கள். களத்திலிருந்து திரும்பியதும் அதைத் திருத்தி எழுதுவதற்கென்றே ஒரு குழுக் கூட்டம் வையுங்கள். பொருந்தாத தரவு வந்தால், "ஏன் பொருந்தவில்லை?" என்று எழுத ஓர் அத்தியாயம் கொடுங்கள்.

என் தோழி ஒருத்தி அடுத்த மாதம் களத்துக்குக் கிளம்புகிறாள். அவளது கோட்பாட்டு அத்தியாயத்தில் குழுவின் கையெழுத்து இப்போதே விழுந்துவிட்டது. அவள் திரும்பி வரும்போது அதை மறுபடி எடுத்துப் படியுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி