சதீஷின் 742

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மாலை

அன்புள்ள விஜி,

உன் கடிதம் கிடைத்தது. மாமியாருக்கு மூட்டுவலி குறைந்திருப்பது சந்தோஷம். இங்கே அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாளே காசிமேட்டுக்கு நானும் வருவேன், நீ வாங்கி வருவது மீனே இல்லை என்று சண்டை. ஞாயிற்றுக்கிழமை அங்கே கால் வைக்க இடம் இருக்குமா, நீயே சொல். மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததிலிருந்து வடிவுடையம்மன் கோயிலுக்கு மட்டும் அடிக்கடி போய் வருகிறேன்.

சரி, சதீஷ் விஷயத்துக்கு வருகிறேன். போனில் ஒரு ஆப் போட்டு, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று மார்க் போடுகிற சிபில் ஸ்கோர் 742 என்று காலையில் எழுந்ததும் பார்க்கிறான், நாலு புள்ளி இறங்கினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான், இப்போது மாதச் சந்தா கட்டினால் ஏற்றிக்கொள்ள வழி சொல்கிறோம் என்று அதில் வருகிறது, கட்டட்டுமா என்கிறாய். ஒரு ரூபாய் கூடக் கட்ட வேண்டாம். கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் இத்தனை வருடம் தேய்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில், தினமும் பார்க்க அதில் எதுவும் இல்லை. கடன் கொடுத்தவர்கள் நம் கணக்கு விவரத்தை ஸ்கோர் போடுகிற நிறுவனங்களுக்கு மாதம் ஒரு முறை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2025 ஜனவரியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை அனுப்பச் சொல்லி ரிசர்வ் வங்கி மாற்றியது. நடுவில் அவன் எத்தனை தடவை திறந்து பார்த்தாலும் பழைய கணக்குதான். தன் ஸ்கோரைத் தானே பார்த்தால் குறைந்துவிடும் என்று நம் பக்கத்தில் ஒரு பயம் இருக்கிறது, அதுவும் பொய். நாலைந்து இடத்தில் கடனுக்கு விண்ணப்பம் போட்டு, அவர்கள் ஒவ்வொருவரும் எடுத்துப் பார்த்தால்தான் இறங்கும்.

யாருக்கு லாபம் என்று கேட்டாய் பார், அதுதான் சரியான கேள்வி. இந்த ஸ்கோர் ஆப்கள் கல்யாணத் தரகர் ஜாதகத்தைச் சும்மா பார்த்துத் தருகிற மாதிரி. ஸ்கோரைக் காட்டிய கையோடு, 'உங்களுக்கு இரண்டு லட்சம் தயார்', 'இந்தக் கார்டு உங்களுக்காகவே' என்று கீழே வரிசையாக வருகிறதே, அதில் ஒன்றை அவன் தொட்டுக் கடன் வாங்கினால் அவர்களுக்குக் கமிஷன். ஆரம்பத்தில் எதையோ டிக் செய்தானே, அதில்தான் மாதாமாதம் உன் கடன் விவரமெல்லாம் இருக்கிற ரிப்போர்ட்டை நாங்களே எடுத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்பதற்கான ஒப்புதல் இருக்கும். அப்புறம் போன் மேல் போன் வருகிறது என்று அலுத்துக்கொள்கிறாய்.

ஆப்புக்குப் பின்னால் இருப்பவை, நம் கடன் கதையைச் சேர்த்து வைத்து ஸ்கோர் போடுகிற நான்கு நிறுவனங்கள். நாம் மொத்தத்தையும் சிபில் என்கிறோம். அந்த சிபில் 2000-ல் நம் நாட்டில் தொடங்கியது, இப்போது பெரும்பங்கு சிகாகோவின் டிரான்ஸ்யூனியனிடம். எக்ஸ்பீரியனுக்குத் தலைமையகம் டப்ளின், ஈக்விஃபாக்ஸுக்கு அட்லாண்டா. நான்காவது கிரிஃப் ஹைமார்க், இத்தாலியில் போலோன்யா என்ற ஊர்க்காரர்களுடையது. கொருக்குப்பேட்டையில் நம் செல்வி குழுக் கடனைச் சரியாகக் கட்டினாளா இல்லையா என்று போலோன்யாக்காரனின் கம்பெனிக்குத் தெரியும், அவள் புருஷனுக்குத் தெரியாது! நாம் கட்டின கதையை வங்கி இவர்களிடம் சும்மா கொடுக்கிறது. அதே கதையை இவர்கள் அடுத்த வங்கிக்குக் காசுக்குக் கொடுக்கிறார்கள். போதாதென்று நமக்கே சந்தாவில் விற்கிறார்கள்.

அதற்காக ஸ்கோரே மோசடி என்று சொல்லிவிட மாட்டேன். நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தை நினைத்துப் பார். வியாசர்பாடி, காசிமேடு என்று விலாசம் எழுதினால் கவுன்டரில் முகம் மாறும். வசூல் பண்ண முடியாத ஏரியா என்று மனசுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்த மேனேஜர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஸ்கோருக்கு அந்த முகச்சுளிப்பு கிடையாது. வாங்கியதைத் தேதிக்குக் கட்டினாயா, கார்டு வரம்பில் எவ்வளவு இழுத்துவிட்டாய், எத்தனை இடத்தில் கேட்டாய், கணக்குக்கு எத்தனை வயது, அவ்வளவுதான் அதற்கு முக்கியம். வியாசர்பாடிப் பையனுக்கு 780 இருந்தால் அவனை வாசலிலேயே திருப்பி அனுப்புவது முன்பு மாதிரி சுலபமில்லை.

ஆனால் அதன் கண்ணுக்குப் படாதது நிறைய. எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கிற அக்கா இருக்கிறாரே, அவர் தண்டல் வாங்கியே கடை நடத்தியவர். பத்தாயிரம் என்று எழுதிக் கையில் எட்டாயிரத்து ஐநூறு கொடுப்பான், தினம் நூறு வீதம் நூறு நாள். புயல் வந்தாலும் சாயங்காலம் நூறு ரூபாயை எடுத்து வைத்துவிடுவார். ஏலச்சீட்டிலும் ஒரு தவணை தவறியதில்லை. இதில் ஒரு வரி கூட எந்த ரிப்போர்ட்டிலும் ஏறாது. சிறு தொழிலுக்குத் தருகிற முத்ரா கடன் கேட்கப் போனபோது 'உங்களுக்கு ஹிஸ்டரியே இல்லையே' என்றார்களாம். இவ்வளவு ஒழுங்காகக் கடன் கட்டிய மனுஷியை நான் பார்த்ததில்லை விஜி. முதல் முறை கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலேயே மத்திய அரசு சொன்னது. அதைச் சொல்லி மறுபடி கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே சதீஷிடம் சொல், ஸ்கோரை விட்டுவிட்டு ரிப்போர்ட்டைப் படிக்கச் சொல். விஷயமெல்லாம் அதில்தான். என் நாத்தனார் வீட்டுக்காரர் யாருக்கோ ஆட்டோ வாங்க ஜாமீன் கையெழுத்துப் போட்டு மறந்தே போனார். வீட்டுக் கடனுக்குப் போனபோதுதான் அந்த ஆள் ஏழு மாதமாகக் கட்டவில்லை என்று தெரிந்தது. ஜாமீன் போட்டவர் ரிப்போர்ட்டிலும் அந்தக் கடன் வரும் என்று கையெழுத்து வாங்கினவன் சொல்லவில்லை. அதே ரிப்போர்ட்டில், இவர் என்றோ அடைத்துவிட்ட பைக் கடனும் பாக்கி என்று நின்றது. நல்லவேளை, கடன் முடிந்தது என்று கொடுத்த என்ஓசி கடிதம் வீட்டுப் பீரோவில் இருந்தது.

திருத்துவதற்குப் புகார் கொடுக்கக் காசு இல்லை. கடன் கொடுத்தவர் ஒப்புக்கொள்ளாமல் இந்த நிறுவனங்கள் தாங்களாக எதையும் மாற்ற முடியாது, அதனால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். முப்பது நாளில் முடிக்காவிட்டால் அதற்கு மேல் நாளுக்கு நூறு ரூபாய் நமக்கு நஷ்டஈடு என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, இது தெரிந்தவர்கள் குறைவு. 'சிபில் கிளியர் பண்ணித் தருகிறோம்' என்று மின்கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களே, அவர்களும் இதே புகாரைத்தான் நம் பெயரில் போடுகிறார்கள், ஐயாயிரம் வாங்கிக்கொண்டு. இன்னொன்று, பாதி கட்டி 'செட்டில்மென்ட்' முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். 'செட்டில்டு' என்று ரிப்போர்ட்டில் நின்றுவிடும், அடுத்த வங்கி அதைப் பாக்கி மாதிரியேதான் பார்க்கும்.

எப்போது பார்ப்பது? வீடு வாங்குவதற்கு ஆறு மாதம் முன்னால் பார்க்கட்டும். பல வங்கிகள் இப்போது ஸ்கோரை வைத்தே வட்டி போடுகின்றன. முப்பது லட்சம், இருபது வருடம் என்றால், எட்டரைக்கும் ஒன்பதுக்கும் ஈஎம்ஐயில் மாதம் 950 ரூபாய் சொச்சம் வித்தியாசம். மொத்தத்தில் இரண்டு லட்சத்து இருபத்தொன்பதாயிரம் வருகிறது, நீயே போட்டுப் பார். ரம்யாவும் வங்கித் தேர்வு எழுதுகிறாள் அல்லவா, அவளும் பார்க்கட்டும். கடன் வரலாறு சரியில்லை என்று ஸ்டேட் வங்கி ஒருவருடைய நியமனத்தை ரத்து செய்ததை 2025-ல் நம் ஹைகோர்ட்டே சரி என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு எனக்குப் பிடிக்கவில்லை, கடன்பட்ட வீட்டுப் பிள்ளைக்குத்தானே வேலை முதலில் வேண்டும்? இருந்தாலும் அவள் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

மற்றபடி வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை, ஸ்கோரோடு சேர்த்து, இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது 2017 ஜனவரியிலிருந்தே விதி. நான்கு நிறுவனமும் தனித்தனியாகத் தர வேண்டும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒன்றாக வருடம் முழுக்க ஓட்டலாம். நேரே அவர்கள் தளத்துக்குப் போக வேண்டும், ஆப் வழியாக இல்லை. அங்கேயும் சந்தாவைத்தான் பெரிய எழுத்தில் காட்டுவார்கள், இலவசம் எங்கோ அடியில் கிடக்கும், தேடச் சொல். நான்கிலும் நான்கு எண் வரும், பதற வேண்டாம், ஒவ்வொருவர் கணக்கு ஒரு விதம். அவன் வாங்காத கடன் அவன் பான் நம்பரில் இருக்கிறதா, அவன் கேட்காத இடத்திலிருந்து யாராவது எடுத்துப் பார்த்திருக்கிறார்களா, இந்த இரண்டையும் முதலில் பார்க்கட்டும்.

ரிப்போர்ட்டை எடுத்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்காதே, பான் நம்பர், விலாசம் எல்லாம் அதில் இருக்கும். ஆடி முடிந்து வருகிறாய் அல்லவா, பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு வா, உட்கார்ந்து பார்க்கலாம். வரும்போது ஒசூர் ரோஜா வேண்டாம், போன தடவை வாங்கி வந்த ராகி மாவு இரண்டு கிலோ போதும். சதீஷை அந்த ஆப்பை இன்றைக்கே எடுக்கச் சொல், எடுப்பதற்கு முன் உள்ளே போய் ஒப்புதலை ரத்து செய்துவிட்டு எடுக்கட்டும்.

அன்புடன்,
மல்லிகா