லாரிக்கும் ஒரு தேதி குறியுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சட்டதிட்டங்கள் குறைவாக இருந்த காலத்தில்தான் சிங்கப்பூர் வேகமாக வளர்ந்தது என்றும், இன்று படிவம், அனுமதி, அபராதம் என்று தொழில் செய்பவர்களின் கழுத்தை நெரிக்கிறோம் என்றும் வாசகர் ஒருவர் அண்மையில் எழுதியிருந்தார். கட்டுமானத் தளங்களில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பாதியைப் பழைய சட்டத்தின் கீழும் மீதியைப் புதிய சட்டத்தின் கீழும் கழித்தவன். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை. சட்டம்தான் எங்களைக் காப்பாற்றியது, லாரியின் பின்தட்டில் ஊழியர்களை ஏற்றிச் செல்லும் வழக்கத்துக்கும் அது ஒரு முடிவுத் தேதி குறிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

2004 ஏப்ரல் 20, செவ்வாய்க்கிழமை. வட்டப்பாதை எம்ஆர்டி சுரங்கத்துக்காக நிக்கல் நெடுஞ்சாலை ஓரம் ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பக்கவாட்டு மண்ணைத் தாங்கி நின்ற எஃகு முட்டுகளின் இணைப்புகள் வளைவது அன்று காலையிலேயே தெரிந்துவிட்டது. கான்கிரீட் கொட்டிப் பலப்படுத்தப் பார்த்தார்கள். பிற்பகல் மூன்றரை மணியளவில் பள்ளம் சரிந்தது, நெடுஞ்சாலையும் அதோடு போனது. நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் தம் ஆட்களை மேலே ஏற்றிவிட்டுத் தாம் மாட்டிக்கொண்ட மேற்பார்வையாளர். அவருடைய உடல் கிடைக்கவே இல்லை. நானும் அதே வேலை பார்த்தவன் என்பதால், அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

வடிவமைப்பில் பிழை இருந்தது, கண்காணிப்புக் கருவிகள் முன்கூட்டியே காட்டிய எச்சரிக்கைகளை யாரும் உரியபடி கவனிக்கவில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் ஃபியூஷனோபொலிஸ் கட்டுமானத்தில் எஃகுக் கம்பிக்கூடு சரிந்து இருவர் இறந்தனர். மே மாதம் கப்பல் பட்டறை ஒன்றில் தீப்பிடித்து ஏழு பேர் மாண்டனர். ஆறு வாரத்துக்குள் பதின்மூன்று உயிர்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் தளம் எப்படி இருந்தது தெரியுமா? சாரத்தில் ஏறுபவர்கள் அணிய வேண்டிய பாதுகாப்பு வார்கள், பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே கொட்டகை ஆணியில் தொங்கின. அதிகாரிகள் வருகிறார்கள் என்று தகவல் கிடைத்தால் எடுத்து மாட்டுவோம், அவர்களுடைய கார் வாசலைத் தாண்டியதும் கழற்றி உறையில் போட்டு அதே ஆணியில் தொங்கவிடுவோம். நானும் அதற்கு உடந்தையாக இருந்தேன். வார் அணிந்தால் வேலை மெதுவாக நடக்கும் என்று முதலாளி சொல்வார், நான் தலையாட்டுவேன்.

2006 மார்ச் மாதம் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் ஆகக் கூடினால் 200,000 வெள்ளியாக இருந்த அபராதம், நிறுவனம் ஒன்றின் முதல் குற்றத்துக்கே 500,000 வெள்ளிவரை உயர்ந்தது. தனிமனிதருக்குச் சிறைத்தண்டனையும் உண்டு. என்னைக் கேட்டால், அபராதத்தைவிட முக்கியமான மாற்றம் வேறு. ஆபத்தை உண்டாக்குபவர் யாரோ அவர்தான் அதை முன்கூட்டியே கண்டறிந்து குறைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. இடர் மதிப்பீடு எழுதாமல் வேலையைத் தொடங்க முடியாது. பாதுகாப்பு விதியை மீறும் நிறுவனத்துக்குக் குற்றப்புள்ளி போடும் முறையும் உண்டு: இன்றைய விதிப்படி 18 மாதங்களில் 25 புள்ளி சேர்ந்தால் வெளிநாட்டு ஊழியர்களை வேலைக்கு எடுப்பதற்குத் தடை. ஆள் கிடைக்காவிட்டால் கட்டுமானமே இல்லை. பத்து ஆண்டுகளாகத் தளத்துக்குள் கால் வைக்காத எங்கள் முதலாளி, தலைக்கவசம் போட்டுக்கொண்டு சாரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததை அப்போதுதான் முதன்முதலாகக் கண்டேன். ஆணியில் தொங்கிய வார்கள் அந்த வாரமே உறையைவிட்டு நிரந்தரமாக வெளியே வந்தன.

இதனால் தொழில் நசிந்துபோயிற்றா? 2009இல் வட்டப்பாதையின் முதல் பகுதி திறந்தது. 2010இல் மரினா பே சேண்ட்ஸ் எழுந்தது. நிக்கல் ஹைவே நிலையத்தையும் பழைய இடத்திலிருந்து சற்றுத் தள்ளிக் கட்டி அதே ஆண்டு திறந்தார்கள். 2004இல் 100,000 ஊழியர்களுக்கு 4.9 என்றிருந்த வேலையிட மரண விகிதம் 2023இல் 0.99 ஆனது. 2024இல் 43 பேர் இறந்து மறுபடியும் 1.2 ஆனது, அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனாலும் 2004ஐ நினைத்துப் பார்ப்பவர்களுக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது புரியும்.

சம்பளச் சீட்டிலும் இதே கதைதான். என் ஆட்கள் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சம்பளம் வாங்கிய காலம் உண்டு. மிகைநேர வேலைக்கு எத்தனை வெள்ளி, எதற்குப் பிடித்தம் என்று கேட்டால் விவரம் கிடைக்காது. 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு கட்டாயம் என்றபோது, சின்ன நிறுவனங்களால் தாங்க முடியாது என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். அவர்களெல்லாம் இப்போது கைபேசியிலேயே சீட்டை அனுப்புகிறார்கள்.

வாசகரிடம் நான் கேட்க நினைப்பது இதுதான். சட்டம் மிகுந்துபோயிற்று என்கிறீர்களே, அது இன்னும் எட்டாத இடத்தைப் பார்த்தீர்களா?

போன மாதம் ஒரு காலை, மருத்துவமனைக்குப் போக ஈசூனில் பஸ் ஏறினேன். சிக்னலில் எங்கள் பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. பின்தட்டில் பதினைந்து பேர் இருப்பார்கள், முதுகைக் கம்பியில் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மழைச்சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு பையன், இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது, தூங்கித் தூங்கிப் பக்கத்தில் இருந்தவர் தோளில் விழுந்தான். மடியில் மஞ்சள் தலைக்கவசம், அதற்குள் சோற்றுப் பொட்டலம். பச்சை விளக்கு எரிந்து லாரி கிளம்பிய வேகத்தில் அவன் தலை பின்னால் போய்க் கம்பியில் இடித்தது. கண்ணைத் திறந்து பொட்டலத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டான்.

டாக்சியின் பின்னிருக்கையில் நான் வார் அணியாமல் உட்கார்ந்தால் அபராதம். அவனுக்கு இருக்கையே கிடையாது. சரக்கு வாகனத்தின் பின்தட்டில் ஆட்களை ஏற்றக்கூடாது என்பது பொது விதி, வேலைக்குப் போகும் ஊழியர்களுக்கு மட்டும் அதில் விலக்கு. 2021இல் பான் ஐலண்ட் விரைவுச்சாலையில் பதினேழு ஊழியர்களோடு சென்ற லாரி, நின்றிருந்த டிப்பர் லாரி மீது மோதி இருவர் இறந்தார்கள். அதுவும் ஓர் ஏப்ரல் 20. என் மனத்தில் இரண்டும் ஒரே நாளாகப் பதிந்துவிட்டன.

மேற்கூரை, உயரமான பக்கக் கம்பிகள், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று அரசாங்கம் படிப்படியாகச் செய்துவருவதை நான் மறுக்கவில்லை. லாரிக்குப் பதில் பஸ் அமர்த்தினால் செலவு கூடும், கட்டுமானப் பணிகள் தாமதமாகும், ஓட்டுநர் பற்றாக்குறை இருக்கிறது என்று 2023இல் வர்த்தகச் சங்கங்கள் சொன்னதையும் படித்தேன். பொய்யான காரணங்கள் அல்ல. ஆனால் பாதுகாப்பு வாருக்கும் சம்பளச் சீட்டுக்கும் இதே காரணங்களைத்தான் சொன்னோம். சொன்னவர்களில் நானும் ஒருவன். சட்டம் தேதி குறித்த பிறகு வழி தானாகப் பிறந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

அதனால் என் வேண்டுகோள்: விலக்கு எந்த ஆண்டோடு முடியும் என்று இப்போதே அறிவியுங்கள். சின்ன நிறுவனங்களுக்கு மூன்று, நான்கு ஆண்டு அவகாசம் கொடுங்கள். முதலில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், நிலப் போக்குவரத்து ஆணையம் போன்ற பொதுத்துறைக் குத்தகைகளில் தொடங்கலாம். ஊழியர்களை இருக்கையும் வாரும் உள்ள வண்டியில் அழைத்துவர வேண்டும் என்று குத்தகையிலேயே எழுதிவிட்டால், அந்தச் செலவு எல்லாருடைய விலைப்புள்ளியிலும் சமமாக ஏறும், யாருக்கும் நட்டமில்லை. எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதையே எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வாசகர்களும் அவரவர் தொகுதியில் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாதுகாப்பு மேற்பார்வையாளர்,
ஈசூன்