ஆமைத் துடுப்பில் ஒரு குறிச்சொல்

கலைச்சொல் குழுவின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் 'டேக்' (tag) என்று எங்கே வந்தாலும் 'குறிச்சொல்' என்றே எழுத வேண்டும் என்ற தங்கள் முடிவைப் பற்றி முன்பே இரண்டு முறை எழுதிவிட்டேன். இந்த முறை எழுத வைத்தது ஓர் ஆமை.

கடலாமைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றில், 'துடுப்பில் உலோக வில்லை பொருத்தினார்கள்' என்று மொழிபெயர்த்திருந்தேன். மெய்ப்பு திரும்பி வந்தபோது அது 'துடுப்பில் குறிச்சொல் பொருத்தினார்கள்' என்று மாறியிருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், 'குழுவின் பட்டியலைப் பின்பற்றவும்.'

அந்த வில்லை எப்படி இருக்கும் என்று உங்களில் யாராவது விசாரித்தீர்களா? விரல் நீளம்கூட இல்லாத உலோகத் துண்டு. ஒரு முனை கூர், மறுமுனையில் துளை. இடுக்கியால் அழுத்தினால் கூர்முனை துடுப்பின் ஓரத்தைத் துளைத்துக்கொண்டு போய் மறுபக்கத் துளையில் மாட்டி மடங்கிக்கொள்ளும். அதன்மேல் ஓர் எண்ணும், கண்டவர் தகவல் அனுப்ப ஒரு முகவரியும் பொறித்திருக்கும். கோஸ்டா ரிக்காவின் டோர்டுகெரோ கடற்கரையில் ஆர்ச்சி கார் என்ற உயிரியலாளர் 1955இல் ஆமைகளுக்கு வில்லை மாட்டத் தொடங்கினார். போன ஆமையே முட்டையிட அதே கரைக்குத் திரும்பி வருகிறது என்பது அந்த எண்களைப் பார்த்துத்தான் உறுதியாயிற்று. இதில் சொல் எங்கே இருக்கிறது, ஐயா?

குறிச்சொல் நல்ல சொல்தான். கட்டுரைக்கும் படத்துக்கும் தலைப்பு வாரியாகத் தேட இணைக்கிறோமே, அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. கிறிஸ் மெசினா 2007இல் ட்விட்டரில் முன்மொழிந்த ஹேஷ்டேக்கும் அந்த வகைதான். ஆனால் இணையப் பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல்.லில் கோண அடைப்புக்குள் வருவது, பத்தி இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று உலாவிக்குச் சொல்லும் குறியீடு. கணினி மொழியியலில், 'படி' என்பது அந்த வாக்கியத்தில் பெயரா வினையா என்று அதன் தலையில் எழுதிவைக்கும் சொல்வகைக் குறி. உயிரியலாளர் ஒரு புரதத்தோடு ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதத்தை இணைத்து, அது உயிரணுவுக்குள் எங்கே போகிறது என்று பார்க்கிறாரே, அது அடையாள ஒட்டு. சமூக ஊடகத்தில் நண்பரைக் கேட்காமல் அவர் பெயரைப் படத்தில் கோர்த்துவிடுவது வேறொரு தொல்லை.

நீதிமன்றம் ஒருவர் கணுக்காலில் மாட்டச் சொல்லும் கண்காணிப்புப் பட்டையும் தங்கள் கணக்கில் குறிச்சொல்தான். வெறும் சொல் என்றால் அவர் கழற்றி வைத்துவிட்டு எப்போதோ போயிருப்பார்.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு என்று நம் நிகண்டுகளில் தனிப் பகுதியே இருக்கிறது. கணினியும் அச்சும் இல்லாமல் ஓலையில் எழுதியவர்களுக்குக் கைகூடியது, நான்கு அமர்வு கூடிப் பேசியவர்களுக்கு ஏன் கைகூடவில்லை? சீர்மை வேண்டும் என்கிறீர்கள். ஒரு துறைக்குள் சீர்மை இருக்கட்டும். எல்லாத் துறைக்கும் ஒரே சட்டையைத் தைத்துவிட்டு, பொருந்தாதவன் உடம்பைக் குறை சொல்வது என்ன நியாயம்?

கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள். நான் கேட்பது புதுச்சொல் அல்ல. 'டேக்' என்ற பதிவைத் துறைவாரியாகப் பிரித்து, வில்லை, பட்டை, ஒட்டு, குறி, குறிச்சொல் என ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் சேர்த்துத் தாருங்கள். அதுவரை, பொருள் அறிந்து சொல்லைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை எங்களுக்கு விட்டுவைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

கட்டுரை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. பட்டியலைத் திருத்த நாளாகும் என்றால், அந்த ஒரு வரிக்காவது இப்போதே விலக்கு அளியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மொழிபெயர்ப்பாளர்