ஷூ தேயவில்லை, தம்பி

பாளையங்கோட்டை
நவம்பர் 16, ஞாயிறு

அன்புள்ள தம்பி முருகேசனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நல்ல சுகம். அடைமழை பிடித்துக்கொண்டது. குறுக்குத்துறைக் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டதாகப் பால்காரர் சொன்னார். பின்கட்டு முருங்கை காற்றில் முறிந்து விழுந்தது. பெரியம்மா வீட்டுக் கல்யாணம் தையில். மற்றதெல்லாம் அம்மா ஃபோனில் சொல்லியிருப்பாள்.

உனக்கு இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் முடிந்து பத்து வாரம் ஆகிறது. நெஞ்செலும்பு நன்றாகக் கூடிவர மூன்று மாதம் ஆகும், மறந்துவிடாதே. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொள். பாப்பா தூக்கு தூக்கு என்பாள், தூக்காதே. நீ உட்கார்ந்துகொண்டு மடியில் ஏறச் சொல். பைபாஸுக்காகக் காலில் ரத்தக்குழாய் எடுத்த பக்கம் வீங்கினால், உட்காரும்போது ஸ்டூலில் தூக்கி வை. மாத்திரையை ஒரு வேளைகூட விடாதே. போன வாரமும் இதைத்தான் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அங்கே லண்டனில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு நடத்துகிற அந்த உடற்பயிற்சி வகுப்பு எப்படிப் போகிறது? வாரம் இரண்டு நாள், எட்டு வாரம் என்று கடிதம் வந்ததாகச் சொன்னாய். ஒரு பைசா வாங்காமல் நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் பக்கத்தில் நின்று சொல்லித்தருகிறார்கள். இங்கே எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது? "போறியாப்பா?" என்று கேட்டேன். "போறேன்பா" என்றாய். சொன்ன கையோடு, அங்கே மழையா என்று கேட்டாய்.

போன ஞாயிறு பாப்பா ஃபோனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினாள் அல்லவா? அவளுடைய பொம்மை, அடுப்படி, வாசலில் செருப்பு வைக்கிற இடம் எல்லாம் பார்த்தேன். "தாத்தா, அப்பா ஷூ" என்று ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பிடித்தாள். வகுப்புக்கென்று வாங்கிய அந்தச் சாம்பல் நிற ஷூதான். அடிப்பக்கம் கடையில் இருந்த மாதிரியே வெள்ளையாக இருந்தது. கண்டக்டர் வேலையில் மூன்று மாதத்துக்கு ஒரு செருப்பு தேய்த்தவன் நான். மருமகள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளைக் கேட்காதே.

உன்னிடம் நேராகக் கேட்க வாய் வராமல், எனக்கு பைபாஸ் ஆனபோது பயிற்சி கொடுத்த பிசியோதெரபி பெண்ணை வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன். இப்போது தனியாக கிளினிக் வைத்திருக்கிறாள். உன் வயது 43 என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பொறுமையாக எல்லாம் சொன்னாள். எடுத்த எடுப்பில் வேகமாக நடக்கக் கூடாதாம். 15 நிமிஷம் கைகாலை மெதுவாக அசைத்து, இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய்கள் விரிய நேரம் கொடுக்க வேண்டும். முடிக்கும்போதும் சட்டென்று நிற்காமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நீ சாப்பிடுகிற ஒரு மாத்திரை நாடித்துடிப்பைக் குறைத்தே வைத்திருக்குமாம். அதனால் துடிப்பை மட்டும் எண்ணிப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. 6 முதல் 20 வரை எண் போட்ட அட்டை ஒன்றைக் காட்டினாள். எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நீயே ஓர் எண் சொல்ல வேண்டும். 11-இலிருந்து 13-க்குள் இருந்தால் சரி. அட்டை இல்லாவிட்டால், பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

"மகன் லண்டனிலா? இந்த ஆராய்ச்சியெல்லாம் தொடங்கியதே அங்கேதானே" என்று ஒரு விஷயம் சொன்னாள். ஜெரி மோரிஸ் என்ற டாக்டர் லண்டன் மாடி பஸ் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து 1953-இல் எழுதினாராம். நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட மாரடைப்பு குறைவு. அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ செய்தது. பாபநாசம் வண்டியில் முப்பது வருஷம் முன்படிக்கும் பின்படிக்கும் நடந்த நடை இந்த உடம்பைக் காத்திருக்கிறது. ரிட்டயர் ஆகித் திண்ணையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு வந்தது. நீ இருபது வருஷமாக நாற்காலியில். நம் குடும்பத்தில் கடல் தாண்டிப் போன முதல் ஆள் நீ, அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அவ்வளவு படித்தவனுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே தம்பி.

சரி, சொல்லிவிடுகிறேன்.

2014-இல் எனக்கு பைபாஸ் ஆனபோது நீ சென்னையில் இருந்தாய். 2,400 ரூபாய்க்கு ஷூ வாங்கி அனுப்பினாய். ராத்திரி ராத்திரி ஃபோன் பண்ணிக் கேட்பாய். "இன்னைக்கு அரை மணி நேரம் நடந்தேன்" என்று சொல்வேன். அது பொய். காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு போய் வ.உ.சி. மைதானத்துக் காலரிப் படியில் உட்கார்ந்துவிட்டு வருவேன். மூன்று மாதம் அப்படித்தான். முதல் வாரம் நடந்தபோது, ராத்திரி படுத்தால் தலையணைக்குள்ளே இதயம் அடிக்கிற சத்தம் கேட்டது. நெஞ்செலும்பைக் கட்டியிருக்கிற கம்பி அறுந்துவிடுமோ என்று பயந்தேன். பஸ்ஸில் பார்த்த முகமெல்லாம் எதிரே வரும். அவர்கள் முன்னால் நாலடிக்கு ஒரு தரம் நிற்க வெட்கமாகவும் இருந்தது. நீ நடையைப் பற்றிக் கேட்டால், அங்கே வெயிலா என்று நானும்தான் கேட்டேன்.

அம்மா கண்டுபிடித்தாள். சித்திரையில் ஒரு நாள் ஷூவைத் துடைக்க எடுத்தவள் திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் விடிகாலை ஐந்தேகால் மணிக்கு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு வாசலில் நின்றாள். அப்போதே அவளுக்கு முழங்கால் வலி. முதல் நாள் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷமும் நான் அவளைவிடப் பத்தடி முன்னால் நடந்தேன், பெண்டாட்டி கூட்டிக்கொண்டு போவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்று. பின்னால் அவள் செருப்பு ஒரு பக்கமாக இழுபடுகிற சத்தம் கேட்டது. ஒரு தரம்கூட நான் நின்று பார்க்கவில்லை, தம்பி. ஐந்தாறு மாதம் அப்படி விட்டேன். ஐப்பசியில் ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்து ஏற்றத்தை நிற்காமல் ஏறி முடித்த அன்றைக்குத்தான் திரும்பினேன். அவள் பாதி ஏற்றத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இதை அவளிடம் நான் இதுவரை பேசியதில்லை. இந்தக் கடிதமும் அவளுக்குத் தெரியாது.

நீ பயந்திருந்தால் அது தப்பில்லை. வகுப்பில் கிழவர்களுக்கு நடுவே நிற்கக் கூச்சமாக இருந்தாலும் எனக்குப் புரியும். ஆனால் போ. விட்டுப்போன வகுப்பைப் பற்றி அந்த நர்ஸுக்கு ஃபோன் பண்ணிக் கேள், திட்டமாட்டார்கள். மருமகளைப் பத்தடி பின்னால் நடக்கவிடாதே.

வகுப்பு இல்லாத நாளில் மதியம் பன்னிரண்டுக்கு எனக்குக் கூப்பிடு. இங்கே சாயங்காலம் ஐந்தரை, நானும் அம்மாவும் நடக்கிற நேரம். நீ அங்கே நட, நாங்கள் இங்கே நடக்கிறோம். பேசிக்கொண்டே நடந்தால் உன் மூச்சு எனக்குக் கேட்கும், வேகம் கூடினால் நான் சொல்கிறேன். அம்மாவுக்கு இப்போது மெதுவாகத்தான் முடியும், அதனால் உனக்கும் சரியாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை கூப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள். பாப்பாவுக்கு முத்தம்.

அன்புடன்,
அப்பா