மூட்டைகளை அவிழ்த்து நாவல்களை அடுக்குங்கள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் பொறுப்பில் உள்ள மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். பின்னறையில் சாக்குகளில் கட்டிப் போட்டிருக்கும் நாவல்களைப் பற்றி எழுதுகிறேன். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மேசை போடத்தான் நாவல் அலமாரிகளை அகற்றினீர்கள் என்பது எனக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகள் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எங்கள் எதிர்வீட்டுப் பையனும் அங்கே உட்கார்ந்துதான் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். ஐந்து மாதமாகியும் அந்தச் சாக்குகளை ஒருவரும் அவிழ்க்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

சென்ற சனிக்கிழமை ‘லிட்டில் விமன்’ நாவலின் இரண்டாம் பாகத்தைக் கேட்டு வந்தேன். அமெரிக்க எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட் எழுதிய இந்த நாவலின் முதல் பாகம் 1868இல் வந்தது, இரண்டாவது அடுத்த ஆண்டு. இங்கிலாந்தில் இரண்டாவதற்குத் தனிப் பெயர் வைத்துத் தனி நூலாகவே விற்றார்கள். உங்களிடம் இருப்பது அப்படி இரண்டாகப் பிரிந்த பழைய பதிப்பு. முதல் பாகம் யாரோ திருப்பிக் கொடுத்த புத்தகங்களுக்கிடையே மேசையில் கிடந்ததால் எனக்குக் கிடைத்தது. இரண்டாம் பாகம் சாக்கில். “எந்தச் சாக்கு என்று எப்படித் தெரியும்? கதைப் புத்தகம்தானே அம்மா, வேறு ஏதாவது எடுத்துப் போங்கள்” என்றார் அங்கிருந்த ஊழியர். கடுமையாகச் சொல்லவில்லை, இயல்பாகத்தான் சொன்னார். வீடு வரும்வரை அந்தச் சொல் மனதை அறுத்தது.

ஐயா, நாங்கள் அக்கா தங்கைகள் மூவர். அப்பா இறந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நடுத் தங்கை பத்தாம் வகுப்போடு நின்று தையல் கடைக்குப் போனாள். கடைக்குட்டிக்கு அப்போது ஏழு வயது. அவளுக்கு இந்தத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நாசிக்கில் வேலை. அவள் போவதற்குள் மூவரும் சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியதால், கல்லூரியில் நான் படித்த இந்த நாவலைத் தேடி எடுத்தேன். இரவு சாப்பாடு முடிந்ததும் நான் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்வேன். அவர்கள் கேட்பார்கள். அம்மாவும் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டு கேட்பார்.

நாவலிலும் அக்கா தங்கைகள்தான், மெக், ஜோ, பெத், ஏமி என்று நால்வர். நோயுற்ற தந்தையைப் பார்க்க அவர்கள் அம்மா வாஷிங்டன் போக வேண்டும், வீட்டில் பணமில்லை. இரண்டாமவள் ஜோ தன் கூந்தலை 25 டாலருக்கு விற்றுவிட்டு வருகிறாள். எல்லோர் முன்னாலும் சிரித்துப் பேசுகிறாள், இரவில் படுத்த பிறகு கூந்தலை நினைத்து அழுகிறாள். இந்த இடம் வந்தபோது நடுத் தங்கை கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். “உன் பரீட்சைக் கட்டணத்துக்கு என் கொலுசை விற்றோமே, அன்றைக்கு ராத்திரி நானும் அழுதேன் அக்கா” என்றாள். இருபது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இதை அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

முதல் பாகம் மூத்தவள் மெக்கின் நிச்சயத்தோடு முடிகிறது. அவளை வீட்டைவிட்டு அனுப்ப ஜோவுக்கு மனமே இல்லை. அடுத்த பாகம் கல்யாணத்தில் தொடங்குகிறது. எங்கள் வீட்டிலும் பந்தக்கால் நடப் போகிறோம். பெத்துக்கு என்ன ஆகும் என்று கடைக்குட்டி தினமும் கேட்கிறாள். எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அதைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இருவரும் பக்கத்தில் இருக்கும்போதுதான் சொல்ல முடியும். ஜோவை அவளை விரும்பும் பக்கத்து வீட்டு லாரிக்கே கட்டிவைக்கச் சொல்லி வாசகிகள் ஆல்காட்டுக்குக் கடிதம் எழுதினார்கள், அவர் இணங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. நானும் செய்துகொள்ளவில்லை. என் தங்கைகளோடு அதைப் பற்றி நான் பேச இந்தக் கதையைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைக்கவில்லை.

இதைத்தான் உங்கள் அலுவலகம் ‘கதைப் புத்தகம்தானே’ என்று கட்டி வைத்திருக்கிறது. வேலைக்கு உதவும் புத்தகம் மட்டுமே புத்தகம் என்று யார் முடிவு செய்தது? வீட்டு வேலையும் கடை வேலையும் முடித்துவிட்டு வாரத்தில் ஒரு நாள் வருகிற பெண்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா? வீட்டு வரியோடு நாங்களும் நூலக வரி கட்டுகிறோம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று 1931இல் விதி வகுத்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் சீர்காழிக்காரர். அவர் பிறந்த மண்ணில் ஒரு நூலைக் கேட்டால், எந்தச் சாக்கு என்று தெரியாது என்கிறார்கள்.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் மேசைகள் அப்படியே இருக்கட்டும். வாசலை ஒட்டிய சுவர் காலியாகத்தான் இருக்கிறது. அங்கே இரண்டு அலமாரிகள் போதும். மூட்டைகளை அவிழ்த்து நாவல்களை அடுக்குங்கள். ஆள் இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் வந்து தூசி தட்டிப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து அடுக்கித் தருகிறோம். சாவியை மட்டும் கொடுங்கள்.

வரும் சனிக்கிழமை முதல் பாகத்தைத் திருப்பித் தர வேண்டிய நாள். கடைக்குட்டியும் என்னோடு வருவாள். அதற்குள் தயவுசெய்து மூட்டைகளை அவிழ்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நூலகத்தின் நெடுநாள் உறுப்பினர்