பாத்திரத்துக்கு என் தெர்மக்கோல் பெட்டி, கம்ப்யூட்டருக்குப் பழைய போர்வை: நான்காவது முறையாகப் புகார்

டோம்பிவிலி கிழக்கு
11-08-2025

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: 12-07-2025 அன்று மும்பை சயானிலிருந்து டோம்பிவிலிக்கு உங்கள் நிறுவனம் வீடு மாற்றியதில் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் உடைந்தது, இழப்பீடு மறுக்கப்பட்டது.

ஐயா / அம்மா, வணக்கம்.

இதற்கு முன் ஆங்கிலத்தில் மூன்று மெயில் அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரு எழுத்துகூட மாறாமல் ஒரே பதில்: உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம். நான் கருத்துச் சொல்லவில்லை, புகார் சொன்னேன். மாட்டுங்காவில் உங்கள் நோட்டீஸ் தமிழில்தான் ஒட்டியிருந்தது, அதைப் பார்த்துத்தான் உங்களிடம் வந்தேன். அதனால் இந்த முறை தமிழிலேயே எழுதுகிறேன். மிஷின் பதில் போடாமல் யாராவது ஒருவர் உட்கார்ந்து படிப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

தாராவி, சயான் பக்கத்துத் தமிழர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் டிசைன் செய்து கொடுப்பது என் தொழில். இப்போது கொஞ்ச நாளாக வீடியோ அழைப்பிதழும். பதினாறு வருடமாக இதில்தான் சாப்பாடு. ஆடி பிறந்துவிட்டால் குடி போகக் கூடாது என்று அம்மா ஒரே பிடிவாதம். ஜூலை 17 ஆடி ஒன்று. அதனால் 12ஆம் தேதி சனிக்கிழமை மழையோடு மழையாக மாற வேண்டியதாயிற்று. வண்டி, ஆள், பேக்கிங் சேர்த்து 14,500 ரூபாய். கம்ப்யூட்டருக்கு மட்டும் 85,000 மதிப்புப் போட்டு, அதில் 3 சதவீதம், அதாவது 2,550 ரூபாய், இன்சூரன்ஸ் என்று தனியாக வாங்கினீர்கள். ரசீது இணைத்திருக்கிறேன்.

அன்று காலையில் நானே சிபியுவைத் திறந்து கிராபிக்ஸ் கார்டைக் கழற்றப் போனேன். உங்கள் சூப்பர்வைசர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். "நீங்க தொட்டா இன்சூரன்ஸ் செல்லாது சார், எல்லாம் எங்க ஆளுங்க பாத்துப்பாங்க" என்றார். வீடு மாற்றுவதே தொழிலாக இருப்பவர்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும் என்று நம்பினேன். கனமான கார்டு, மதர்போர்டில் அதைச் சொருகும் ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டிருக்கும், வண்டி குழியில் இறங்கினால் ஸ்லாட்டோடு பிய்த்துக்கொண்டு வரும் என்பது உங்களுக்குத் தெரியாதா? கழற்ற முடியாவிட்டால் மதர்போர்டு அடிப்பக்கம் வரும்படி சிபியுவைப் படுக்க வைக்க வேண்டும். அப்போது கார்டு நேராக நிற்கும், பிராசஸர் மேல் இருக்கும் கூலரின் கனமும் பக்கவாட்டில் இழுக்காது. இதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, அதற்கு நான் 14,500 கொடுத்திருக்கிறேன்.

சிபியு வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டியை, உள்ளே அச்சாகப் பொருந்தும் தெர்மக்கோலோடு, வீடு மாறும்போது உதவும் என்றே ஆறு வருடம் பரணில் வைத்திருந்தேன். வீட்டில் எத்தனை திட்டு வாங்கியிருப்பேன் அதற்காக! எடுத்து உங்கள் ஆட்கள் கையில் கொடுத்தேன். டோம்பிவிலியில் வந்து பிரித்தால் அந்தப் பெட்டிக்குள் அம்மாவின் எவர்சில்வர் தூக்குவாளிகளும் குத்துவிளக்கும் இருக்கின்றன. ஒரு கீறல் இல்லை. கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுப் பழைய போர்வையில் சுற்றப்பட்டு, கார்டு கீழ்நோக்கித் தொங்கும்படி கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் கிரைண்டர். கல்லோடு.

மானிட்டரைப் பற்றி நான் பேச வரவில்லை. அது நிமிர்ந்தே வந்தது, தப்பித்தது.

சிபியுவைத் திறந்து பார்த்தால் கார்டு ஸ்லாட்டின் பிடியை உடைத்துக்கொண்டு சாய்ந்திருக்கிறது, கூலரின் ஒரு பக்கக் கொக்கி கழன்றிருக்கிறது. ஆன் செய்தால் 2 டிபி ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று கடிகாரம் மாதிரி அடிக்கிறது. அணைத்து வைத்த டிஸ்கில், தகவலைப் படிக்கும் ஹெட், சுழலும் தட்டை விட்டு விலகி ஒதுங்கி நிற்கும். சாதாரணக் குலுக்கலை அது தாங்கும். கீழே விழுவதைத்தான் தாங்காது. யாரோ கீழே போட்டிருக்கிறார்கள். பதினாறு வருட உழைப்பு அதில் இருந்தது, என் வாழ்க்கையே போய்விட்டது. (மே மாதம் வரை உள்ள ஃபைல்கள் மச்சினன் வீட்டு எக்ஸ்டர்னல் டிஸ்கில் இருக்கின்றன, அது வேறு விஷயம். ஆடிக் கொடை வேலை அத்தனையும் ஜூன், ஜூலையில் செய்தது.) ஏழு கோயில் நோட்டீஸ் கை விட்டுப் போயிற்று. நாலு வருடமாக என்னிடமே வரும் ஒரு கொடைக் கமிட்டி இந்த வருடம் வேறு ஆளிடம் போய்விட்டது.

நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று நான் கையெழுத்துப் போட்டதாகச் சொல்கிறீர்கள். போட்டேன். ராத்திரி பதினொன்றரைக்கு, லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியில், கையெழுத்துப் போட்டால்தான் மீதிச் சாமானை டெம்போவிலிருந்து இறக்குவோம் என்று உங்கள் டிரைவர் நின்றபோது போட்டேன். மேல்மாடிக்கென்று 1,500 ரூபாய் ரசீதில்லாமல் வாங்கினார், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஜூலை 26. மும்பைக்காரர்களுக்கு அது என்ன தேதி என்று சென்னையில் இருப்பவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. 2005இல் அன்றைக்குத்தான் சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அந்தத் தேதியில் வெளியே கிளம்பினால் அம்மா இன்றைக்கும் வாசலில் வந்து நிற்பார். அன்று காலை 11 மணிக்குச் சிபியுவோடு பிவண்டி குடோனுக்கு வரச் சொன்னீர்கள், சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்ப்பார் என்று. பதினோரு கிலோ. பிளாஸ்டிக் ஷீட் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண் வரை ஒரு ஆட்டோ, அங்கிருந்து மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில் இன்னொரு ஆட்டோ. குடோனில் சர்வேயர் என்று யாருமே கிடையாது. வாட்ச்மேன்தான், "அவங்க எல்லாம் வாஷி ஆபீஸ்ல" என்றார். அங்கிருந்து தாணே, தாணேயிலிருந்து லோக்கலில் லக்கேஜ் பெட்டியில் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு வாஷி. அங்கே ஷட்டர் இறக்கியிருந்தது. சனிக்கிழமை விடுமுறையாம்! சனிக்கிழமை வரச் சொன்னதே நீங்கள்தானே.

திங்கட்கிழமை போன் செய்தேன். எடுத்தவர் தமிழர், நம்ம ஊர்ப் பேச்சு. அதுவரை எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. நான் கார்டு, ஸ்லாட், பெட்டி என்று விவரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே விழுந்து, "பேக்கிங் பத்தி இவ்வளவு தெரிஞ்சவரு நீங்களே தலையில தூக்கிட்டுப் போயிருக்கலாமே சார்" என்றார். பின்னால் யாரோ சிரித்தது கேட்டது. முந்தாநாள் முழுக்க நான் தூக்கிக்கொண்டுதான் அலைந்தேன் ஐயா. உங்கள் நிறுவனம் சொன்னதால் தூக்கினேன். அந்தப் பேச்சு பதிவாகியிருக்கும், போட்டுக் கேளுங்கள். பணம் பிறகு, முதலில் அதைக் கேளுங்கள்.

ஆகஸ்ட் 5ஆம் தேதி நிராகரிப்புக் கடிதம் வந்தது. முதல் காரணம்: வெளிப்புறத்தில் அடி இல்லை, உள்ளே ஏற்பட்ட இயந்திர, மின் கோளாறு பாலிசியில் வராது. இரண்டாவது காரணம்: 26ஆம் தேதி நான் எடுத்து வந்தபோது சேதம் ஏற்பட்டிருக்கலாம். சேதமே இல்லையா, இருக்கிறது ஆனால் நான் செய்ததா? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். 13ஆம் தேதி காலையிலேயே படம் எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன், இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது.

உங்களுடன் சண்டை போட எனக்கு நேரமில்லை, விருப்பமும் இல்லை. ரிப்பேர் கடையில் கார்டு, மதர்போர்டு, டிஸ்கிலிருந்து ஃபைல் மீட்பது எல்லாம் சேர்த்து 71,000 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தொகை, போன வேலைகளுக்கு ஈடு, மன உளைச்சல் என்று மூன்று லட்சம் கேட்கலாம் என்று இருக்கிறேன். 15 நாளில் நீங்களாகவே 71,000 கொடுத்து, போனில் அப்படிப் பேசிய நபரை மன்னிப்புக் கேட்க வைத்தால் இதோடு விட்டுவிடுகிறேன்.

இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு, தாணே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் சென்னைக்கு வரத் தேவையில்லை. ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே தாக்கல் செய்யலாம். மச்சினன் லேப்டாப் தருவதாகச் சொல்லியிருக்கிறான். 2007 சாலைச் சரக்குச் சட்டம் கேட்கும் எழுத்து மூலமான நோட்டீஸாகவும் இந்தக் கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுத் தபாலில் ஒரு பிரதி தனியாக வருகிறது.

இப்படிக்கு,
டோம்பிவிலி வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, படங்கள், ரிப்பேர் கடை மதிப்பீடு, உங்கள் நிராகரிப்புக் கடிதம்.

பி.கு.: பிவண்டி குடோன் வாட்ச்மேன் அன்றைக்கு எனக்கு ஸ்டூல் போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். வாஷிக்கு வழி சொன்னதும் அவர்தான். விசாரணை என்று அவரைப் பிடித்து வேலையை விட்டுத் தூக்கிவிடாதீர்கள்.