முதல்வர் நாற்காலியில் ஒரு பத்திரிகைக்காரர்

அன்புள்ள சண்முகம்,

பேத்தி பிறந்த செய்தி கிடைத்தது, ரொம்ப சந்தோஷம். கமலாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலாம். எனக்குத்தான் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் படிக்க வேண்டியதையெல்லாம் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஜெர்மன்காரர் குர்ட் ஐஸ்னர் பிடித்துக்கொண்டார்.

நம் பத்திரிகைக்கார ஜாதிதான். பெர்லினில் 1867இல் யூத வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மன் பேரரசரை அவமதித்து எழுதினார் என்று 1897இல் ஒன்பது மாதச் சிறை. அப்புறம் சோஷலிஸ்ட் கட்சி நாளேடான ‘ஃபோர்வெர்ட்ஸ்’ ஆசிரியர் குழுவில் சேர்ந்தார். 1905இல் உட்கட்சிச் சண்டையில் அந்த வேலையும் போயிற்று. பின்னாளில் பவேரியா மாநிலத் தலைநகர் முனிக்கில் நாடக விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். 1914இல் போரை ஆதரித்தவர், தங்கள் அரசுதான் அதற்குக் காரணம் என்று சீக்கிரமே முடிவுக்கு வந்து எதிர்ப்பாளர் ஆனார். 1918 ஜனவரியில் ஆயுதத் தொழிற்சாலை வேலைநிறுத்தத்தில் இறங்கினார்; பிடித்து உள்ளே போட்டவர்கள் அக்டோபரில்தான் விட்டார்கள்.

வெளியே வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 7, தெரேசியன்வீஸ திடலில் பெருங்கூட்டம். கண் தெரியாத விவசாயத் தலைவர் லுட்விக் காண்டோர்ஃபரோடு ராணுவக் குடியிருப்புகளை நோக்கி நடந்தார். சிப்பாய்கள் கூடவே வந்துவிட்டார்கள். அன்றிரவே பவேரிய மன்னர் ஊரைவிட்டு ஓடினார். 738 ஆண்டு வம்ச ஆட்சி முடிந்தது. தாடிக்கார நாடக விமர்சகர் பவேரியாவின் முதல்வர்!

நாற்காலியில் உட்கார்ந்தும் புத்தி மாறவில்லை பார். போருக்கு ஜெர்மன் அரசே காரணம் என்று காட்ட, போர் தொடங்கிய சமயத்து அரசு அறிக்கையை எடுத்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். அதுவும் முழுசாக இல்லை; நம் டெஸ்க்கில் செய்வதுபோல வெட்டிச் சுருக்கி! உண்மையை மறைத்துவிட்டார் என்று எதிரிகள் பிடித்துக்கொண்டார்கள். அவர் சொன்னதன் சாரம் சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் செய்தியை வெட்டலாம், சாட்சியத்தை வெட்டலாமா?

ஜனவரித் தேர்தலில், பழைய கட்சியிலிருந்து பிரிந்த அவருடைய சுயேச்சை சோஷலிஸ்ட் கட்சிக்கு 180 இடங்களில் மூன்றே மூன்று. 1919 பிப்ரவரி 21 அன்று ராஜினாமா செய்யச் சட்டமன்றத்துக்கு நடந்து போகும்போது, ஆர்கோ என்ற பிரபு குடும்பத்து இளைஞன் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றான். அவனுக்கு விதித்த மரண தண்டனை ஆயுளாகி, 1924இல் வெளியேயும் வந்துவிட்டான்.

நீ முப்பது வருஷம் டெஸ்க்கில் இருந்தவன். அந்த அறிக்கை உன் கைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
ராஜு